எக்ஸ்டென்ஷன் கேபிளில் போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க் தகராறு செய்கிறதா? அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழி

போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க்கோடு பெட்டியில் வரும் கேபிள் பெரும்பாலும் அரை மீட்டரைத் தாண்டாது. மேஜைக்கு அடியில் இருக்கும் சிபியுவுக்கு அது எட்டாது, சுவரில் மாட்டிய டிவிக்கும் எட்டாது. ஒரு எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி மாட்டினால் அன்றைக்கு ஓடும். சில நாள் கழித்துப் பாதியில் நிற்கும், டிக் டிக் என்று சத்தம் போடும், ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்கும். "டிஸ்க் போய்விட்டது" என்று முடிவுகட்டிப் புதிது வாங்குபவர்கள் பலர். அவர்கள் தூக்கி வைத்த டிஸ்க்கை நேராகச் செருகினால் பல நேரம் எந்தக் குறையும் இல்லாமல் ஓடும்.

கேபிளை நீட்டினால் கெடுவது இரண்டு: டிஸ்க்குக்குப் போய்ச் சேரும் கரண்ட், வந்து போகும் டேட்டா சிக்னல். இரண்டுக்கும் அறிகுறி வேறு, மருந்தும் வேறு. எது என்று பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இங்கே சொல்வதெல்லாம் யுஎஸ்பி ஒயரிலிருந்தே கரண்ட் எடுக்கும் 2.5 அங்குல டிஸ்க்குகளுக்கு. தனி அடாப்டரோடு வரும் 3.5 அங்குல டிஸ்க் என்றால் அறிகுறி 1-ஐ விட்டுவிட்டு மற்றவற்றைப் பாருங்கள்.

## எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இது

எக்ஸ்டென்ஷனைக் கழற்றுங்கள். டிஸ்க்கோடு வந்த சொந்தக் கேபிளை, கேபினெட்டின் பின்பக்கம் மதர்போர்டிலேயே இருக்கும் யுஎஸ்பி 3 போர்ட்டில் நேராகச் செருகுங்கள். முன்பக்க போர்ட் வேண்டாம். அதற்கும் மதர்போர்டுக்கும் நடுவே கேபினெட்டுக்குள் ஒரு ஒயர் ஓடுகிறது. அதுவும் ஒரு எக்ஸ்டென்ஷன்தான். லேப்டாப் என்றால் சார்ஜரை மாட்டிவிட்டு, ஹப் (ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும் பெட்டி), டாக் எதுவும் நடுவில் இல்லாமல் செருகுங்கள். ஒவ்வொரு முறை கழற்றிய பிறகும் உள்ளே சுழலும் தட்டு நின்று ஓயப் பத்து விநாடி விடுங்கள்.

இப்போது நன்றாக ஓடுகிறது என்றால் டிஸ்க் நலமாக இருக்கிறது. கீழே உங்கள் அறிகுறிக்குப் போகலாம்.

அதே கோளாறு தொடர்கிறது என்றால் டிஸ்க்கின் கேபிளை மாற்றிப் பாருங்கள். பிறகு வேறொரு கம்ப்யூட்டரில் பாருங்கள். அங்கேயும் அப்படியே என்றால் எக்ஸ்டென்ஷன் மேல் பழி போடுவதில் பயனில்லை. கடைசித் தலைப்புக்குப் போங்கள்.

## அறிகுறி 1: விளக்கு எரிகிறது, டிஸ்க் சுழலவில்லை, அல்லது டிக்… டிக்… சத்தம்

இது கரண்ட் பற்றாக்குறையின் அறிகுறி. காதை டிஸ்க்கின் மேல் வைத்துக் கேளுங்கள். நல்ல டிஸ்க் ஒரே மூச்சில் "ஊ…" என்று ஏறி, ஒரு சின்ன "டக்"கோடு நிலைத்துவிடும். கரண்ட் போதாத டிஸ்க் பாதி ஏறும், "டிக்" என்று டேட்டாவைப் படிக்கும் தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும், வேகம் இறங்கும், மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். சில விநாடிக்கு ஒருமுறை இதே சுற்று நடக்கும். இப்படியே விட்டுவைக்காதீர்கள். ஒவ்வொரு சுற்றிலும் தலை தேய்கிறது. இரண்டு மூன்று தடவை கேட்டதும் கழற்றிவிடுங்கள்.

காரணம் எளிது. 2.5 அங்குல டிஸ்க்குகளின் லேபிளில் 5 வோல்ட், 0.7 முதல் 1 ஆம்பியர் வரை என்று போட்டிருக்கும். அவ்வளவும் தேவைப்படுவது தட்டு சுழல ஆரம்பிக்கும் அந்தச் சில விநாடிகளில்தான். ஓட ஆரம்பித்த பிறகு அதில் பாதி போதும். யுஎஸ்பி 2 போர்ட் தர வேண்டியது 500 மில்லி ஆம்பியர், யுஎஸ்பி 3 போர்ட் 900. ஆக, நேராகச் செருகும்போதே விளிம்பில்தான் ஓடுகிறது. நடுவே ஒல்லியான இரண்டு மீட்டர் ஒயரைச் சேர்த்தால் விளிம்பைத் தாண்டிவிடும்.

### சோதனை (அ): எந்த போர்ட்?

எக்ஸ்டென்ஷனின் மறுமுனை யுஎஸ்பி 2 போர்ட்டில் இருந்தால் யுஎஸ்பி 3 போர்ட்டுக்கு மாற்றுங்கள். தனி அடாப்டர் இல்லாத சாதா ஹப்பில் இருந்தால் அதிலிருந்து எடுத்துவிடுங்கள். அந்த ஹப் தன்னிடம் மாட்டிய எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு போர்ட்டின் கரண்ட்டைத்தான் பங்கு போடுகிறது. பக்கத்தில் போன் சார்ஜ் ஆகிக்கொண்டிருந்தால் கழற்றுங்கள். செலவில்லாமல் தீர்வது பல நேரம் இங்கேயே.

### சோதனை (ஆ): ஒயரின் பருமன்

எக்ஸ்டென்ஷன் கேபிளின் உறையை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நல்ல கேபிளில் "28ஏடபிள்யூஜி/1பி + 24ஏடபிள்யூஜி/2சி" என்பதுபோல ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். முதல் பகுதி டேட்டா ஒயர் ஜோடி. இரண்டாவது பகுதி கரண்ட் போகும் இரண்டு ஒயர். நமக்கு வேண்டியது இதுதான். ஏடபிள்யூஜி என்பது ஒயர் பருமனின் அளவு; எண் குறையக் குறைய ஒயர் தடிமன்.

இரண்டு மீட்டர் எக்ஸ்டென்ஷனில் கரண்ட் போக இரண்டு மீட்டர், திரும்ப இரண்டு மீட்டர். டிஸ்க் 0.9 ஆம்பியர் இழுக்கும்போது வழியிலேயே தொலைவது:

- கரண்ட் ஒயர் 28 என்றால் சுமார் 0.77 வோல்ட். 5 வோல்ட்டில் கிளம்பியது 4.2 வோல்ட்டாகப் போய்ச் சேரும். டிஸ்க் கிளம்பாது.
- 24 என்றால் சுமார் 0.3 வோல்ட். 4.7-ல் ஓடலாம், ஓடாமலும் போகலாம்.
- 20 என்றால் 0.12 வோல்ட். கவலை இல்லை.

நடுவில் சேரும் பிளக்–சாக்கெட் மூட்டிலும், டிஸ்க்கின் சொந்தக் கேபிளிலும் இன்னும் கொஞ்சம் குறையும். உறையில் எதுவுமே அச்சிடவில்லை என்றால் 28 என்றே வைத்துக்கொள்ளுங்கள். வெளியே தடியாக இருப்பதை நம்ப வேண்டாம். தடிமன் பிளாஸ்டிக்கிலும் வரலாம்.

### சோதனை (இ): யுஎஸ்பி மீட்டர்

சின்னத் திரையோடு, போர்ட்டில் செருகக்கூடிய யுஎஸ்பி மீட்டர் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் குறைந்த விலைக்குக் கிடைக்கும். அதைக் கம்ப்யூட்டர் பக்கம் மாட்டாமல் எக்ஸ்டென்ஷனின் மறுமுனையில், டிஸ்க்கின் கேபிளுக்கு முன்னால் மாட்டுங்கள். டிஸ்க் இல்லாமல் பார்த்தால் 5 வோல்ட் காட்டும். அது ஒன்றும் சொல்லாது. டிஸ்க்கை மாட்டி, பெரிய ஃபைல் ஒன்றை காப்பி செய்துகொண்டே பாருங்கள். 4.75-க்கு மேல் நின்றால் நல்லது. 4.5-க்குக் கீழே போனால் கேபிளை மாற்றியாக வேண்டும். கண்ணிமைக்கும் நேரத்தில் வரும் பள்ளத்தை விலை குறைந்த மீட்டர் காட்டாது. எனவே 4.6 காட்டி டிஸ்க் திணறுகிறது என்றாலும் குறை கரண்ட்டில்தான்.

### தீர்வு, செலவு குறைந்ததிலிருந்து

ஒரு மீட்டருக்கு மேல் போகாத, கரண்ட் ஒயர் 22 அல்லது அதற்குத் தடிமனான எக்ஸ்டென்ஷன் வாங்கி மாற்றிப் பாருங்கள். பலருக்கு இதோடு முடியும்.

அடுத்தது ஒய் கேபிள்: டிஸ்க் பக்கம் ஒரு பிளக், கம்ப்யூட்டர் பக்கம் இரண்டு. இரண்டாவது பிளக் கரண்ட்டுக்கு மட்டும். இரண்டையும் ஒரே கம்ப்யூட்டரில் செருகுங்கள். ஒன்றைக் கம்ப்யூட்டரிலும் மற்றதைப் போன் சார்ஜரிலும் செருகினால், சார்ஜரின் கரண்ட் கம்ப்யூட்டர் போர்ட்டுக்குள் திரும்பி ஏறும். போர்ட் போனால் ஒய் கேபிளின் விலையில் சரிக்கட்ட முடியாது.

உறுதியான தீர்வு அடாப்டரோடு வரும் ஹப். மாட்டும் வரிசை முக்கியம்: கம்ப்யூட்டர், நீளக் கேபிள், ஹப், டிஸ்க்கின் குட்டைக் கேபிள், டிஸ்க். ஹப் டிஸ்க்குக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஹப்பைக் கம்ப்யூட்டர் பக்கம் வைத்து, அதிலிருந்து எக்ஸ்டென்ஷன் இழுத்தால் காசு கொடுத்து வாங்கிய ஹப்பால் பயனே இல்லை. கரண்ட் தொலைவது அந்த ஒயரில்தானே. ஹப்பின் அடாப்டர் 5 வோல்ட் 2 ஆம்பியராவது இருக்க வேண்டும். டிஸ்க் இரண்டு என்றால் 3 ஆம்பியர்.

ஒரு எச்சரிக்கை. 5 வோல்ட் ஹப்பின் துளையிலும், வீட்டு ரவுட்டரின் 12 வோல்ட் அடாப்டர் பின்னிலும் ஒரே அளவு அடிக்கடி வரும். மாற்றிச் செருகினால் ஹப்போடு டிஸ்க்கின் போர்டும் எரியலாம். ஹப் அடாப்டரில் பெயரெழுதி ஒட்டிவிடுங்கள்.

ஆளைக் கூப்பிட வேண்டிய இடம்: எக்ஸ்டென்ஷன் இல்லாமல், சொந்தக் கேபிளில், இரண்டு கம்ப்யூட்டர்களிலும் அதே டிக் டிக் கேட்டால் அது தலையிலோ மோட்டாரிலோ உள்ள கோளாறு. இனி ஒருமுறைகூடச் செருக வேண்டாம்.

## அறிகுறி 2: சுழல்கிறது, ஆனால் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளவில்லை

### எந்த அறிவிப்பும், சத்தமும் வரவில்லை

டேட்டா ஒயரே சேரவில்லை. போர்ட்டபிள் டிஸ்க்கில் வரும் அகலமான மைக்ரோ-பி பிளக் இரண்டு துண்டு ஒட்டியதுபோல இருக்கும். அது முழுக்க உள்ளே போயிருக்கிறதா என்று கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் வெளியே நின்றாலும் கரண்ட் மட்டும் போய், டேட்டா போகாமல் இருக்கலாம். அடுத்து, எக்ஸ்டென்ஷனில் ஒரு பென் டிரைவைச் செருகிப் பாருங்கள். அதுவும் தெரியவில்லை என்றால் அது சார்ஜுக்கு மட்டுமான இரண்டு ஒயர் கேபிள், இல்லையேல் உள்ளே ஒயர் அறுந்தது.

பென் டிரைவ் தெரிந்ததால் கேபிள் நல்லது என்று சொல்லிவிட முடியாது. பென் டிரைவ் இழுக்கும் கரண்ட் மிகக் குறைவு.

### "யுஎஸ்பி டிவைஸ் அடையாளம் தெரியவில்லை" என்று வருகிறது

டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணமும் கோட் 43-ம் இருக்கும். லினக்ஸில் கெர்னல் பதிவில் மைனஸ் 71 அல்லது மைனஸ் 110 என்ற எண்ணோடு பிழை வரும். கம்ப்யூட்டர் கூப்பிடுகிறது, டிஸ்க்கின் பதில் சிதைந்து வருகிறது அல்லது வரவே இல்லை என்று அர்த்தம். டிஸ்க் சீராகச் சுழன்றால் சிக்னல் குறை. திணறினால் கரண்ட் குறை, அறிகுறி 1-க்குப் போங்கள்.

சிக்னல் குறை என்றால் முதலில் எண்ணிப் பாருங்கள், வழியில் எத்தனை மூட்டு? முன்பக்க போர்ட், எக்ஸ்டென்ஷன், அதில் இன்னொரு எக்ஸ்டென்ஷன், ஹப், டிஸ்க்கின் கேபிள் என்று நீண்டால் யுஎஸ்பி 3 சிக்னல் தாங்காது. ஒன்றோடு ஒன்று கோத்த எக்ஸ்டென்ஷன்களை எடுத்துவிட்டு ஒரே கேபிளாக மாற்றுங்கள். யுஎஸ்பி 2-க்கு மொத்தம் 5 மீட்டர் எல்லை. யுஎஸ்பி 3-க்கு நடைமுறையில் 3 மீட்டர். அதில் டிஸ்க்கின் சொந்தக் கேபிளும் சேர்த்தி.

### டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் தெரிகிறது, திஸ் பிசியில் (பழைய பெயர் மை கம்ப்யூட்டர்) இல்லை

டிரைவ் எழுத்து கொடுக்கப்படவில்லை. வலது கிளிக் செய்து எழுத்து கொடுத்தால் வந்துவிடும். இதற்கும் எக்ஸ்டென்ஷனுக்கும் சம்பந்தமில்லை. "இனிஷியலைஸ் செய்யவும்" என்று கேட்டால் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அறிகுறி 5-ஐப் பாருங்கள்.

## அறிகுறி 3: ஓடுகிறது, ஆனால் ஆமை வேகம்

ஒரே ஒரு பெரிய ஃபைலை, 5 ஜிபிக்கு மேல் உள்ள வீடியோவை, டிஸ்க்கிலிருந்து கம்ப்யூட்டருக்கு காப்பி செய்து வேகத்தைப் பாருங்கள். ஆயிரக்கணக்கான சின்னப் படங்களை வைத்துச் சோதிக்காதீர்கள். அது எந்தக் கேபிளிலும் மெதுவாகத்தான் போகும்.

விநாடிக்கு 100 முதல் 140 எம்பி: யுஎஸ்பி 3-ல் சரியாக ஓடுகிறது. கேபிளில் குறை இல்லை. டிஸ்க் நிறைய நிறைய வேகம் குறைவது இயல்பு.

30 முதல் 40 எம்பியில் நிலையாக நிற்கிறது: இணைப்பு யுஎஸ்பி 2-க்கு இறங்கிவிட்டது. எக்ஸ்டென்ஷனின் பெண் முனைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். நான்கு தட்டையான தகடுகள் மட்டும் தெரிந்தால் யுஎஸ்பி 2 கேபிள். அவற்றோடு இன்னும் ஐந்து தொடுமுனைகள் தெரிந்தால் யுஎஸ்பி 3. பிளாஸ்டிக் நீலமாக இருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒன்பது தொடுமுனையும் இருக்கிறது, ஆனாலும் 40-ஐத் தாண்டவில்லை என்றால் பிளக்கை மெதுவாகச் செருகியிருக்கலாம். முன்னால் இருக்கும் நான்கும் முதலில் தொட்டு, யுஎஸ்பி 2 ஆகப் பதிந்துவிடும். கழற்றி, தயங்காமல் ஒரே அழுத்தாகச் செருகுங்கள். அப்போதும் ஏறாவிட்டால் சிக்னல் தாங்காமல் கம்ப்யூட்டரே இறங்கிப் போகிறது. குட்டைக் கேபிள்தான் தீர்வு.

1 எம்பி அளவு: யுஎஸ்பி 1.1 காலத்து வேகம். நெட்வொர்க் ஒயரில் யுஎஸ்பியை நீட்டித் தரும் மலிவு அடாப்டர்களில் இது சகஜம். ஹார்ட் டிஸ்க்குக்கு அது உதவாது.

வேகம் ஏறுகிறது, பூஜ்யத்துக்கு இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது: சிதைந்து வரும் பாக்கெட்டுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறது. எக்ஸ்டென்ஷன் இல்லாமல் இதே ஃபைலை காப்பி செய்து ஒப்பிடுங்கள். அறிகுறி 4-க்கு முந்தைய கட்டம் இது, சும்மா விடாதீர்கள்.

கேபிள் மேல் அநியாயமாகப் பழி விழும் இடமும் ஒன்று உண்டு. *எழுதும்போது* மட்டும் முதல் சில நிமிடம் வேகமாகப் போய், பிறகு 20, 30 எம்பிக்கு விழுந்து, *படிக்கும்போது* வேகம் நன்றாக இருந்தால் கேபிளை மாற்றிப் பயனில்லை. இன்றைய போர்ட்டபிள் டிஸ்க்குகள் பலவற்றில் தடங்களை ஓடுபோல ஒன்றன்மேல் ஒன்று படியவைத்து எழுதும் முறை இருக்கிறது. தற்காலிக இடம் நிறைந்ததும் அவை இப்படித்தான் ஓடும். கொஞ்ச நேரம் சும்மா விட்டால் மீளும்.

## அறிகுறி 4: காப்பி ஆகும்போதே பாதியில் அறுந்துபோகிறது

இருப்பதிலேயே ஆபத்தானது இதுதான். எழுதிக்கொண்டிருக்கும்போது அறுந்தால் அந்த ஒரு ஃபைல் மட்டும் போவதில்லை; ஃபைல்களின் கணக்கு வைத்திருக்கும் அட்டவணையே கெடலாம். காரணம் தெரியும்வரை அந்த எக்ஸ்டென்ஷன் வழியாக எதையும் எழுதாதீர்கள். சோதனைக்குப் படிப்பது மட்டும் போதும்.

எப்போது அறுகிறது என்பதைக் கவனியுங்கள்.

### ஒயரைத் தொட்டால், மேஜை அசைந்தால்

லூஸ் கான்டாக்ட். எக்ஸ்டென்ஷனும் டிஸ்க் கேபிளும் சேரும் மூட்டு மேஜைக்குப் பின்னால் அந்தரத்தில் தொங்கினால், அதன் எடையே பிளக்கை நாளாக நாளாக இழுத்துவிடும். மூட்டு எதன் மேலாவது படுத்திருக்கட்டும். தொங்கத்தான் வேண்டும் என்றால் இரண்டு பக்க ஒயரையும் ஒரு சின்ன வளையமாக மடக்கி வெல்க்ரோ பட்டையால் சேர்த்துக் கட்டுங்கள். இழுவிசை வளையத்தோடு நின்றுவிடும்.

அடுத்து டிஸ்க்கின் சாக்கெட். ஓடாமல் இருக்கும்போது பிளக்கைச் செருகி மேலும் கீழும் மெல்ல ஆட்டுங்கள். பிளக் மட்டும் லேசாக ஆடினால் கேபிளை மாற்றினால் போதும். சாக்கெட்டே உள்ளே ஆடினால் அதன் சால்டர் விட்டிருக்கிறது. சாதாரண ஏ வகை பிளக் 1,500 முறையும், மைக்ரோ வகை 10,000 முறையும் செருகிக் கழற்றத் தாங்க வேண்டும் என்பது யுஎஸ்பி விதி. ஆக, தினமும் கழற்றி மாட்டும் இடத்தில் முதலில் தேய்வது எக்ஸ்டென்ஷனின் ஏ வகை முனை.

### சும்மா இருந்த பிறகு, மறுபடி ஃபைலைத் திறக்கும்போது

கம்ப்யூட்டர் போர்ட்டைத் தூங்கவைக்கிறது. பவர் ஆப்ஷன்ஸில், அட்வான்ஸ்ட் செட்டிங்ஸில், யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட் என்பதை டிசேபிள் செய்யுங்கள். டிவைஸ் மேனேஜரில் ஒவ்வொரு யுஎஸ்பி ரூட் ஹப்பின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்திலும் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். செலவு ஒன்றுமில்லை.

### ஃபேன், ட்யூப்லைட், மிக்ஸி போடும்போது

இரைச்சலைத் தடுக்கும் உலோகக் கவசம் சரியில்லாத எக்ஸ்டென்ஷன் ஆன்டெனாபோல வேலை செய்கிறது. வீட்டு மின்சார ஒயர்களோடும் ஸ்பைக் பஸ்டரோடும் சேர்த்துக் கட்டியிருந்தால் பிரித்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். மிச்ச நீளத்தைச் சுருட்டி அடாப்டர் மேல் வைக்காதீர்கள். போதவில்லை என்றால் பின்னல் கவசம் உள்ள கேபிள் வாங்க வேண்டும்.

### கரண்ட் போகும்போது

கம்ப்யூட்டர் யுபிஎஸ்ஸில் இருக்கிறது, ஹப்பின் அடாப்டர் சுவர் பிளக்கில் இருக்கிறது. கரண்ட் போனதும் கம்ப்யூட்டர் நிற்காது, டிஸ்க் நின்றுவிடும். ஹப் அடாப்டரையும் யுபிஎஸ்ஸுக்கு மாற்றுங்கள். பலர் கவனிக்கத் தவறுவது இது.

### எப்போது என்று சொல்ல முடியாமல்

விண்டோஸ் ஈவென்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், சிஸ்டம் என்று போய், அறுந்த நேரத்தைத் தேடுங்கள். 129, 153 என்ற எண்கள் வரிசையாக வந்தால் பதில் வராமல் கம்ப்யூட்டர் மறுபடி மறுபடி முயல்கிறது, சிக்னலைச் சந்தேகியுங்கள். 157 வந்தால் டிஸ்க் திடீரென்று காணாமல் போயிருக்கிறது. மூட்டையும் கரண்ட்டையும் பாருங்கள். டிஸ்க் என்ற பெயரோடு 7 வந்தால் டிஸ்க்கிலேயே கெட்ட செக்டர் இருக்கிறது. எக்ஸ்டென்ஷனை விட்டுவிட்டு முதலில் டேட்டாவை வெளியே எடுங்கள்.

இன்னொரு சாட்சி டிஸ்க்குக்குள்ளேயே இருக்கிறது. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் சி0 வரியைப் பாருங்கள். கரண்ட் திடீரென்று போய் தலையை அவசரமாக இழுத்துக்கொண்ட ஒவ்வொரு முறையும் பெரும்பாலான டிஸ்க்குகளில் அந்த எண் ஏறும். அது பதினாறடிமான எண்ணாகத் தெரியும். மெனுவில் ரா வேல்யூவைப் பத்தடிமானத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். எண்ணைக் குறித்துவைத்து, ஒருநாள் எக்ஸ்டென்ஷனோடும் ஒருநாள் இல்லாமலும் ஓட்டிப் பாருங்கள். எக்ஸ்டென்ஷன் நாளில் மட்டும் ஏறினால் குற்றவாளி யார் என்று சொல்லத் தேவையில்லை. சி7 என்ற வரியைக் கேபிள் பிழை என்று பலர் சொல்வார்கள். அது எண்ணுவது டிஸ்க்குக்கும் பெட்டிக்குள் இருக்கும் யுஎஸ்பி போர்டுக்கும் நடுவே வரும் பிழையை. வெளியே ஓடும் யுஎஸ்பி கேபிளைப் பற்றி அதற்குத் தெரியாது.

எக்ஸ்டென்ஷனில் ஓட்டியே ஆக வேண்டியவர்கள் டிவைஸ் மேனேஜரில் அந்த டிஸ்க்கின் பாலிசீஸ் பக்கத்தைப் பாருங்கள். எழுதுவதைக் கம்ப்யூட்டரில் தேக்கிவைக்காமல் உடனே டிஸ்க்குக்கு அனுப்பும் "குவிக் ரிமூவல்" தேர்வாகி இருக்கட்டும். விண்டோஸ் 10-ன் 1809 பதிப்பிலிருந்து அதுதான் இயல்புநிலை. பழைய கம்ப்யூட்டரிலும், யாராவது மாற்றிவைத்ததிலும் வேறாக இருக்கலாம்.

## அறிகுறி 5: "ஃபார்மட் செய்யவும்" என்று கேட்கிறது, அல்லது ரா என்று காட்டுகிறது

ஃபார்மட் செய்யாதீர்கள். கேன்சல் அழுத்துங்கள்.

ரா என்றால் டிஸ்க்கின் ஃபைல் அமைப்பைக் கம்ப்யூட்டரால் படிக்க முடியவில்லை என்று அர்த்தம். சில நேரம் டிஸ்க்கில் எதுவும் கெட்டிருக்காது. கேபிள் வழியாக முதல் சில செக்டர்களை ஒழுங்காகப் படிக்க முடியாததால் கம்ப்யூட்டர் அப்படிக் கேட்கிறது. எக்ஸ்டென்ஷனைக் கழற்றி, நேராகப் பின்பக்க போர்ட்டில் செருகிப் பாருங்கள்.

திறக்கிறது: உடனே முக்கியமானவற்றை வேறு டிஸ்க்குக்கு காப்பி எடுங்கள். அதன் பிறகு டிரைவில் வலது கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், டூல்ஸ், செக். வரிசையை மாற்ற வேண்டாம்: முதலில் காப்பி, பிறகு செக். செக் செய்யும் வேலை ஃபைல் அட்டவணையைத் திருத்தி எழுதுவது. அந்த நேரத்தில் இணைப்பு அறுந்தால் இருப்பதும் போகும். எக்ஸ்டென்ஷன் வழியாக இதை ஒருபோதும் ஓட்டாதீர்கள்.

திறக்கவில்லை, ஆனால் டிஸ்க் சத்தமின்றிச் சுழல்கிறது, அளவும் சரியாகத் தெரிகிறது: அட்டவணை கெட்டிருக்கிறது. உள்ளே டேட்டா பெரும்பாலும் அப்படியே இருக்கும். டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் போன்ற இலவசக் கருவிகளால் எடுக்கலாம்; மீட்டதை அதே டிஸ்க்கில் எழுதக் கூடாது. கைப்பழக்கம் இல்லாதவர்கள் இங்கேயே நிறுத்தி ஆளிடம் கொடுப்பது நல்லது.

அளவு பூஜ்யம் என்றோ, தப்பாகவோ காட்டுகிறது. திறக்க நிமிடக்கணக்கில் ஆகிறது: கழற்றி வைத்துவிடுங்கள். கடைசித் தலைப்பு.

## டிவி, ரவுட்டர், ராஸ்பெர்ரி பை

டிவியின் பின்னால் யுஎஸ்பி துளைகளின் பக்கத்தில் எழுதியிருப்பதைப் படியுங்கள். எச்டிடி என்றும் 1 ஆம்பியர் என்றும் குறித்த துளை இருந்தால் அதில்தான் செருக வேண்டும். 0.5 ஆம்பியர் துளையில் எக்ஸ்டென்ஷனோடு ஹார்ட் டிஸ்க் ஓடும் என்று எதிர்பார்க்காதீர்கள். அங்கே அடாப்டரோடு உள்ள ஹப்தான் வழி. ரெக்கார்டிங் வசதி உள்ள சில டிவிகள் டிஸ்க்கை ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்கும். ரிமோட் கையில் உள்ள குழந்தை சரி என்று அழுத்திவிட்டால் அத்தனையும் போச்சு.

ராஸ்பெர்ரி பை 4 என்ற கையடக்கக் கம்ப்யூட்டரில் நான்கு போர்ட்டுக்கும் சேர்த்து மொத்தம் 1.2 ஆம்பியர்தான். பை 5-ல் 5 ஆம்பியர் அடாப்டர் இருந்தால் 1.6 ஆம்பியர், சாதா 3 ஆம்பியர் அடாப்டரில் 0.6 மட்டும். பை 5-ல் டிஸ்க் கிளம்பவில்லை என்றால் கேபிளுக்கு முன் அடாப்டரைப் பாருங்கள்.

## டிஸ்க்கை மாட்டியதும் வயர்லெஸ் மவுஸ் தடுமாறுகிறது, வைஃபை குறைகிறது

யுஎஸ்பி 3 ஓடும்போது கசியும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் போய் விழுகிறது. இன்டெல் நிறுவனமே 2012-ல் இதை ஆய்வு அறிக்கையாக வெளியிட்டது. கவசம் மோசமான எக்ஸ்டென்ஷன் இதைப் பெரிதாக்கும். மவுஸின் ரிசீவரை டிஸ்க் போர்ட்டிலிருந்து விலக்குங்கள். எக்ஸ்டென்ஷன் கேபிளுக்கு உண்மையிலேயே பொருத்தமான வேலை இதுதான்: டிஸ்க்கை நேராகச் செருகிவிட்டு ரிசீவரை நீட்டுங்கள். அது இழுப்பது துளி கரண்ட். வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால் அந்தப் பக்கமும் தீரும்.

## டைப்-சி எக்ஸ்டென்ஷன்

ஆண் முனை, பெண் முனை கொண்ட டைப்-சி எக்ஸ்டென்ஷன் யுஎஸ்பி விதிப்படி இருக்கவே கூடாதது, ஆனாலும் விற்கிறார்கள். ஒரு பக்கமாகச் செருகினால் முழு வேகம், திருப்பிச் செருகினால் யுஎஸ்பி 2 வேகம் என்ற விசித்திரம் இதில்தான் வரும். திருப்பிச் செருகிப் பாருங்கள், வேலை செய்யும் பக்கத்தில் ஒரு புள்ளி வையுங்கள். 10 ஜிகாபிட் எஸ்எஸ்டியில் பாதியில் அறுகிறது என்றால் எக்ஸ்டென்ஷனைத் தூக்கிவிட்டு, இரண்டு முனையும் ஆணாக உள்ள ஒரே நல்ல கேபிள், ஒரு மீட்டருக்குள், வாங்குங்கள்.

## நீட்டியே தீர வேண்டும் என்றால் எதை வாங்குவது

டிஸ்க்கின் சொந்தக் கேபிளையே ஒரு மீட்டர் நீளத்தில் வாங்க முடியுமா என்று முதலில் பாருங்கள். மூட்டு ஒன்று குறைகிறது. ஒன்றரை மீட்டர்வரை, உறையில் கரண்ட் ஒயர் 22 அல்லது அதற்குக் குறைவான எண் அச்சிட்ட யுஎஸ்பி 3 எக்ஸ்டென்ஷன் போதும். மூன்று மீட்டர் என்றால் நீளக் கேபிளும் டிஸ்க் பக்கத்தில் அடாப்டர் ஹப்பும். அதற்கும் மேல் என்றால் நடுவே சிப் வைத்த ஆக்டிவ் கேபிள். அதில் தனி அடாப்டர் மாட்டும் துளை இருந்தே ஆக வேண்டும். அந்தச் சிப்பும் கரண்ட் குடிக்கும் என்பதால், துளை இல்லாததை ஹார்ட் டிஸ்க்குக்கு வாங்குவது வீண். பத்து மீட்டர் தள்ளி டிஸ்க் வேண்டும் என்றால் யுஎஸ்பியை விட்டுவிடுங்கள். ரவுட்டரிலோ நாஸிலோ (நெட்வொர்க்கில் இணையும் சேமிப்புப் பெட்டி) மாட்டி நெட்வொர்க் வழியாக எடுங்கள்.

சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் வாங்குபவர்கள் டிஸ்க்கைக் கையோடு கொண்டுபோய், கடையிலேயே மாட்டி, சுழன்று நிலைக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

## எப்போது ஆளிடம் கொடுக்க வேண்டும்

எக்ஸ்டென்ஷன் இல்லாமலும் கோளாறு தொடர்ந்து, கீழே உள்ளதில் ஒன்று இருந்தாலும் நிறுத்திவிடுங்கள்.

சாக்கெட் ஆடுகிறது. மொபைல் சர்வீஸ் செய்யும் நல்ல கடையில் சால்டர் செய்துவிடலாம். டிஸ்க்கைப் பெட்டியிலிருந்து எடுத்து சாட்டா (கம்ப்யூட்டருக்குள் டிஸ்க்கை இணைக்கும் முனை) அடாப்டரில் மாட்டலாம் என்பார்கள். இன்று பல டிஸ்க்குகளில் யுஎஸ்பி சாக்கெட் டிஸ்க்கின் போர்டிலேயே இருக்கிறது, உள்ளே சாட்டா முனையே கிடையாது. திறப்பதற்கு முன் மாடல் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

தப்பான அடாப்டர் மாட்டிய பிறகு அசைவே இல்லை. போர்டில் 5 வோல்ட் வழியில் இருக்கும் பாதுகாப்பு டையோடு தன்னைப் பலி கொடுத்திருக்கலாம். போர்டு வேலை தெரிந்தவரால் சரிசெய்ய முடியும். அதே மாடலின் வேறு போர்டை மாற்றிப் போட வேண்டாம். அந்த டிஸ்க்குக்கே உரிய அளவுகள் பழைய போர்டின் சிப்பில் இருக்கின்றன.

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ காட்டும் ஸ்மார்ட் பட்டியலில் 05, சி5, சி6 ஏறிக்கொண்டே போகிறது. டிஸ்க் தேய்கிறது. கம்ப்யூட்டரில் ஃபைல்கள் திறக்கும்வரை, முக்கியமானதை முதலில் காப்பி எடுங்கள். படிக்க முடியாத ஃபைலோடு மல்லுக்கட்டாமல் அடுத்ததுக்குப் போங்கள்.

டிக் டிக், உராயும் சத்தம், அல்லது கீழே விழுந்தது. டேட்டா வேண்டும் என்றால் இனி கரண்ட்டே கொடுக்காதீர்கள். மூடியைத் திறக்காதீர்கள், ஃபிரீசரில் வைக்காதீர்கள், தட்டிப் பார்க்காதீர்கள். தூசியற்ற அறை வைத்திருக்கும் டேட்டா மீட்பு நிறுவனத்திடம்தான் கொடுக்க வேண்டும். கொடுக்கும்போது எந்த எக்ஸ்டென்ஷனில் எவ்வளவு நாள் ஓடியது, முதலில் வந்த அறிகுறி எது, அதன் பிறகு எத்தனை முறை செருகினீர்கள் என்பதை எழுதிக் கொடுங்கள். செலவைச் சொல்வதற்கு முன் அவர்கள் கேட்பது இதைத்தான்.